கெடிலக் கரையின் மஞ்சள் பூ

கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவந்திபுரம். முகூர்த்த நாளில் தேவநாத சுவாமி கோயிலைச் சுற்றி நடக்க இடமிருக்காது, அத்தனை கல்யாணம். அஹீந்திரன் என்றால் ஆதிசேஷன். திருவஹீந்திரபுரம்தான் மக்கள் வாயில் திருவந்திபுரம் ஆனது. ஹயக்கிரீவர் இருக்கும் குன்றுக்கு ஔஷதகிரி, அதாவது மருந்து மலை என்று பெயர். அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையின் துண்டு என்பார்கள்.

பனி விலகி வெயில் ஏறும் நாட்களில் இந்தப் பக்கத்துத் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் முள் இலையும் மஞ்சள் பூவுமாக ஒரு செடி நிற்கும். பிரமதண்டு, பொன்னுமத்தை, குடியோட்டி என்று பல பெயர் அதற்கு. மெக்சிகோவிலிருந்து வந்த களை. கசகசாச் செடியின் குடும்பம். தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வரும்.

கசகசா என்பது அரபு, பாரசீகம் வழியாக வந்த சொல். அபினுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்குச் சாறு என்று பொருள். போஸ்தக்காயில் உள்ள 'போஸ்த்' பாரசீகத்தில் தோல். ஒரே செடியின் விதைக்கும் பாலுக்கும் காய் ஓட்டுக்கும் தனித்தனிப் பெயர்! அந்தச் செடியை உரிமம் இல்லாமல் வளர்ப்பது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில்தான் உரிமம் தருகிறார்கள். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிற பிள்ளையின் பெட்டியில் மசாலாவோடு கசகசா வைத்துவிடக் கூடாது. அங்கே அதற்குத் தடை.

குடியோட்டியில் அபின் கிடையாது, ஆனால் விதை எண்ணெய் நஞ்சு. 1998இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் இது கலந்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் கால் வீங்கும், பிறகு மூச்சு வாங்கும், கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையும் கெடலாம். சூடாக்கினாலும் நஞ்சு முழுதும் போகாது. குடியை ஓட்டும் பூண்டு என்ற பெயர் பொருத்தம்தான்.

விதை கடுகைப் போலவே கருப்பு உருண்டை. கடுகு வழவழப்பாகத் தெரியும், இது சொரசொரப்பு. கண் நோய்க்கு இதன் பாலை விடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு, கிரேக்கர் வைத்த ஆர்கிமோன் என்ற பெயரும் கண் புரையைக் குறித்ததுதான். அதை நம்பிக் கண்ணில் விடுவது ஆபத்து. வயலில் இருந்தால் பூக்கும் முன்பே, கையுறையோடு வேரோடு பிடுங்க வேண்டும். காய் முற்றினால் நுனி வெடித்து விதை சிதறும். அடுத்த ஆண்டு வரப்பு முழுக்க முள்தான்.