நூற்றுக்கு நூற்றெட்டு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

ஒரு பேருந்தில் இருக்கைகள் அத்தனையும் நிரம்பிவிட்டால் மிச்சமுள்ளவர்கள் நிற்க வேண்டும். காலை 7.40 பேருந்தில் தொங்கிக்கொண்டு வரும் நம் கல்லூரி நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நூற்றுக்கு நூற்றெட்டு நிரம்பிய பிறகும் ஒருவர்கூட நிற்காத, ஏறிய ஒவ்வொருவருக்கும் படுக்கையே இருக்கின்ற ஊர்தி ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? குடும்பம் குடும்பமாக மக்கள் விடுமுறைக்குப் போகின்ற உல்லாசக் கப்பல்தான் அது.

என் அண்ணன் அத்தகைய கப்பலொன்றில் கேபின் ஸ்டூவர்ட். அறையைக் கூட்டுவது, படுக்கை விரிப்பது, குளியலறை கழுவுவது, துண்டு மாற்றுவது அவர் வேலை. கேட்டரிங் டிப்ளமா முடித்துச் சென்னையில் ஓர் ஓட்டலில் மூன்றாண்டுகள் இருந்துவிட்டு, பிறகு கப்பலேறினார். கப்பலின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

முதலில் அந்த நூற்றெட்டைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமியிலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்னும் கப்பலை எடுத்துக்கொள்வோம். (அண்ணனுடைய கப்பல் இதுவன்று.) குடும்பங்களுக்காகவே கட்டப்பட்டது. அறைகள் 2,805. அறைக்கு இருவர் என்று பெருக்கினால் 5,610. இந்த 5,610ஐத்தான் அத்தொழிலில் நூறு விழுக்காடு என்கிறார்கள். ஆனால் அக்கப்பல் ஏற்றக்கூடிய பயணிகள் அதிகபட்சம் ஏறத்தாழ 7,600 பேர். இடையிலுள்ள அந்த இரண்டாயிரம் பேர் எங்கே படுப்பார்கள்? பகலில் சோபாவாக இருப்பதை இரவில் பிரித்தால் கட்டில். சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ மடிந்திருப்பதை இழுத்தால் இன்னொரு கட்டில், நம் ரயிலின் மேல் பெர்த்தைப் போல. இருவர் அறையில் இப்படி நால்வர் அடங்குவர். அந்தக் கப்பலை நடத்தும் ராயல் கரீபியன் குழுமத்தின் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து 2024ஆம் ஆண்டு முழுவதற்கும் கண்ட சராசரி நிரப்பமே 108 விழுக்காட்டுக்கு மேல். சராசரி என்பதைக் கவனியுங்கள். பள்ளிகள் நடக்கும் நாட்களில் குறைந்தும், விடுமுறை நாட்களில் வெகுவாக ஏறியும் வந்த சராசரி அது.

இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. மூன்றாம் நான்காம் படுக்கைக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. தாய் தந்தையும் இரு பிள்ளைகளும் இரண்டு அறை எடுப்பதைவிட ஓர் அறையில் நெருங்கியிருக்கவே விரும்புகிறார்கள். அண்ணன் ஒருமுறை சொன்னார்: "சில புள்ளைங்க அந்த மேல் கட்டிலுக்காகவே கப்பலுக்கு வர்ற மாதிரி இருக்கும்டா. ஏணியைப் பார்த்ததும் அப்படி ஒரு சிரிப்பு."

ஓர் அறையில் நால்வர் என்ற செய்தியை அண்ணன் தொலைபேசியில் சொல்லக் கேட்டு எங்கள் அப்பாயி வாய்விட்டுச் சிரித்தது. எங்கள் வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் ஐவர் படுக்கிறோம். அது மட்டுமன்று காரணம். அப்பாயியும் கப்பலில் வந்தவர்தான். மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டத்து வேலையை இழந்து திரும்பிய பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. 1970இல், பதினாறு வயதில், பினாங்கில் 'ரஜுலா' ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கியிருக்கிறார். கப்பல் கடலிலேயே நிற்க, படகில் கரைக்கு வந்தார்களாம். "அறையா? அதெல்லாம் தொரைமாருக்கு. எங்களுக்கு டெக்குதான். பாயை விரிச்சா அதான் வீடு. பாய்க்கு வெளியே காலை நீட்டுனா அடுத்த வீட்டுக்காரி சண்டைக்கு வருவா."

அந்த ரஜுலாவைப் பற்றித் தேடிப் படித்தேன். 1926இல் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியுடையது. சுமார் 8,500 டன். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது! அப்பாயி வந்த காலத்தில் அந்த எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்திருந்தார்கள். 1973இல் நம் நாட்டுக் கப்பல் கழகம் அதை வாங்கியது. மறு ஆண்டே உடைக்கப்பட்டது.

இங்கே ஒரு சிறு இயற்பியல். கப்பலுக்குச் சொல்லும் இந்த 'டன்' எடையைக் குறிப்பதன்று. உள்ளே அடைபட்ட கொள்ளளவைக் குறிப்பது. பழைய கணக்கில் 100 கன அடி ஒரு டன். ஆகவே டன்னைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு வெளி கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும். கப்பல் தொழிலிலும் நெரிசலை இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். ஐகான் 2,48,663 டன். அறைக்கு இருவர் என்றால் ஆளுக்கு 44. முழுக்க நிரம்பினால் 33க்குச் சற்றுக் குறைவு. ரஜுலாவின் முதல் உரிமத்தை அப்படி வகுத்தால் ஒன்றே முக்காலைக்கூடத் தொடவில்லை. பழைய டன்னும் இன்றைய டன்னும் ஒரே அளவுகோல் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அப்பாயி ஏன் சிரித்தது என்பதை விளங்கிக்கொள்ள இது போதும்.

நிற்க. இத்தனை பேரை ஏற்றினால் ஆபத்தில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கட்டில் எத்தனை இருந்தாலும், கடைசியில் எண்ணிக்கையை முடிவு செய்வது உயிர்காப்புப் படகுகள்தாம். 1912இல் டைட்டானிக்கில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தார்கள். படகுகளில் இடம் 1,178 பேருக்கே. அதன் பிறகு 1914இல் தொடங்கிய பன்னாட்டு உடன்படிக்கை பலமுறை திருத்தப்பட்டு, இன்று கப்பலில் உள்ள கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் கணக்கில் இடம் இருக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு கூடுமிடம். அந்தக் கூடுமிடத்துக்கு இன்ன படகு. அந்தப் படகின் எண்ணிக்கை முடிந்துவிட்டால், அப்பகுதியில் நான்கு கட்டில் உள்ள அறை காலியாக இருந்தாலும் இருவருக்கு மேல் கொடுக்கமாட்டார்கள்.

அந்தப் படகில் ஒருவர் உட்கார எவ்வளவு அகலம் என்று நினைக்கிறீர்கள்? 43 சென்டிமீட்டர். ஆளின் எடை 75 கிலோ என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். இதைப் படித்த மறுநாள் எங்கள் வகுப்பு பெஞ்சை அளந்தேன். 213 சென்டிமீட்டர்; ஐவர் உட்காருகிறோம்; ஆளுக்கு 42.6. உலகத்தின் உயிர்காப்பு விதிக்கு நாங்கள் அரை சென்டிமீட்டர்தான் குறைவு என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது.

இடம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2012இல் இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிய கோஸ்டா கான்கார்டியாவில் 4,229 பேர் இருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் பல படகுகளை இறக்குவதே பெரும்பாடாயிற்று. அன்று ஏறிய பலருக்கு எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சியே நடந்திருக்கவில்லை. புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி தர வேண்டும் என்ற விதி 2015 முதல் வந்தது அதனால்தான்.

ஆக, கட்டிலுக்கு ஒரு கணக்கு, படகுக்கு ஒரு கணக்கு. நான் எழுத வந்தது மூன்றாவது கணக்கு.

அண்ணனுக்குப் பதினாறு அறைகள். சாதாரண நாளானாலும் விடுமுறை நாளானாலும் பதினாறுதான். அவர் கப்பலில் வேலையை அறையை வைத்துப் பிரிக்கிறார்களேயன்றித் தலையை வைத்தன்று. 2024 டிசம்பர் கடைசியில் ஒரு பயணம். பள்ளி விடுமுறை. பதினாறில் ஒன்பது அறைகளில் நால்வர், நான்கு அறைகளில் மூவர், மூன்றில் மட்டும் இருவர். ஓர் இரவு ஒன்பது மணிக்கு, தோளில் தூங்கும் குழந்தையோடு ஒருவர் அறைக்கு வந்திருக்கிறார். மேல் கட்டில் இன்னும் இறக்கப்படவில்லை. அண்ணன் அப்போது ஐந்து அறை தள்ளி இன்னொரு சோபாவைப் பிரித்துக்கொண்டிருந்தார். பயணம் முடிந்ததும் அந்தத் தந்தை ஒரு வரி புகார் எழுதிவிட்டுப் போனார். மேலாளர் எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்து, ஒரு வாரத்துக்குள் விளக்கம் கேட்டார். அண்ணனுக்கு அது இரண்டாவது எச்சரிக்கை. அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போனாலும் போகலாம். என் பேருந்துச் செலவும் தேர்வுக் கட்டணமும் மட்டுமல்ல, அப்பாவின் மருந்தும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

"தம்பி, நீதான் காலேஜு படிக்கிற. இங்கிலீஷ்ல நல்லா ஒரு விளக்கம் எழுதி அனுப்புடா" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். எங்கள் வீட்டில் பட்டப்படிப்புக்கு வந்தவன் நான் ஒருவனே. அந்த இரவு எனக்குக் கிடைத்த பெருமையை என்னவென்று சொல்வேன்! தாளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வழக்கமான பயணத்தில் பதினாறு அறைகளில் 34 பேர். இந்தப் பயணத்தில் 54 பேர். கூடுதல் கட்டில்கள் 22. இரவில் விரித்துக் காலையில் மடிக்க வேண்டும். ஆக நாளைக்கு 44 தடவை. விரிப்பு, தலையணை எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு நான்கு நிமிடம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். 176 நிமிடம். ஏறத்தாழ மூன்று மணி நேரம்! துண்டும் குப்பையும் தனி. கடல் தொழிலாளர் உடன்படிக்கைப்படி ஒருவருக்கு நாளைக்குப் பத்து மணி நேர ஓய்வாவது தர வேண்டும். இந்த மூன்று மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? மேலும் ஓர் ஆளை அந்தப் பகுதிக்குப் போட்டிருந்தால் குழந்தை காத்திருந்திருக்காது. இதையெல்லாம் இரண்டு பக்கத்தில், பட்டியலுடன் எழுதி, 'இத்தவறு என்னுடையதன்று' என்று முடித்து அனுப்பினேன். நம் ஆங்கிலத் துறையில் எவரும் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது என்பது என் எண்ணம்.

அண்ணன் மறுநாள் கூப்பிட்டார். "நல்லா இருக்குடா. ஆனா இதக் கொடுக்க முடியாது."

"ஏன் அண்ணே? கணக்கு சரிதானே?"

"சரிதான். அதான் பிரச்சினை. கணக்குப் போட நேரம் இருக்கு, கட்டில் போட நேரம் இல்லையான்னு கேட்டா என்ன சொல்லுவேன்? நாலே வரி எழுது. மன்னிக்கணும், இனிமே நடக்காதுன்னு."

நான் வாதாடினேன். அவர் கோபிக்கவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. நான்கு வரி எழுதினேன். எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கணக்குத் தாள் இயற்பியல் செய்முறை நோட்டுக்குள் கிடந்தது. மன்னிப்பு ஏற்கப்பட்டது.

மார்ச்சில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வந்த அன்று இரவே எங்கள் ஐந்து பேருடைய போர்வைகளையும் விரித்து, மூலைகளைப் பாய்க்கு அடியில் உறை தைத்ததுபோல மடித்துச் செருகிவிட்டார். கை தானாகச் செய்கிறது என்றார். அப்பாயி, "ஒனக்கு அங்க படுக்க எவ்வளவு எடம்?" என்று கேட்டது. இருவருக்கு ஓர் அறை, கீழே ஒரு கட்டில் மேலே ஒரு கட்டில் என்றார். பயணிகள் கப்பலில் இரு பணியாளர் தங்கும் அறை ஏழரைச் சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்று விதி உண்டு என நான் சொன்னேன். அது எவ்வளவு என்று அப்பாயி கேட்க, அண்ணன் எழுந்து சுவரிலிருந்து அடியெண்ணி நடந்து, எங்கள் அறையில் மூன்றில் இரண்டு பங்கு இடத்தைக் காலால் கோடிட்டுக் காட்டினார்.

"நல்ல எடந்தான். எனக்கு ஒரு பாய்தான்" என்றது அப்பாயி. பிறகு, "மேல் கட்டிலா கீழ் கட்டிலா?" என்று கேட்டது.

"மேல்."

அடுத்த ஒப்பந்தம் ஜூனில் வந்தது. கோடை விடுமுறைக்கு அங்கே கூட்டம் தொடங்கும் மாதம். புறப்படுகிற அன்று பெட்டியைப் பூட்டிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கணக்குப் பேப்பர் இருக்கா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டார்.