ஒரே சாலை, இரண்டு அருங்காட்சியகங்கள்... டின்டினைத் தேடி பிரஸ்ஸல்ஸில் ஓர் உலா!

பிரஸ்ஸல்ஸ் மெட்ரோவில் 'மெரோட்' ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தால், பிரமாண்டமான மூன்று வளைவுகள் கண்ணில் படும். பெல்ஜியம் விடுதலை பெற்ற 50-வது ஆண்டைக் கொண்டாட, 1880-ல் அமைக்கப்பட்ட சங்காந்தனேர் பூங்கா அது. அங்கிருந்து கிழக்கே புறப்படும் அகலமான சாலை, நகரத்தைத் தாண்டி, காட்டோரமாக டெர்வூரன் என்ற சிற்றூர் வரை போகிறது.

சாலையின் இந்த முனையில் ஓர் அருங்காட்சியகம், அந்த முனையில் இன்னொன்று. இரண்டிலும் இருந்த பொருள்களைப் பார்த்து உலகத்தையே வரைந்தவர் ஒருவர் உண்டு. டின்டினைப் படைத்த ஹெர்ஜே!

1907-ல் இந்தப் பூங்காவை ஒட்டிய எட்டர்பீக் பகுதியில் பிறந்தவர் அவர். இயற்பெயர் ஜார்ஜ் ரெமி. 1929 ஜனவரியில் ஒரு நாளிதழின் சிறுவர் இணைப்பில் டின்டினும் அவனுடைய வெள்ளை நாயும் அறிமுகமானார்கள். வாராவாரம் வியாழக்கிழமை கதை வரும். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பது பல நேரங்களில் வரைகிறவருக்கே தெரியாது! இன்றைக்கு வெப்காமிக்ஸ் வரைகிறவர்கள் வாரம் ஒரு எபிசோடு ஏற்றுகிறார்களே, கிட்டத்தட்ட அதே ஓட்டம்தான்.

டின்டின் கண்டம் கண்டமாகச் சுற்றினான். ஹெர்ஜேவோ காங்கோவுக்கும் போகவில்லை, பெருவுக்கும் போகவில்லை. பிறகு எப்படி வரைந்தார்? புத்தகங்கள், பத்திரிகையில் வெட்டி எடுத்த படங்கள், அப்புறம் அருங்காட்சியகங்கள்.

டிராம் 44-ல் ஒரு பயணம்

முதலில் சாலையின் அந்த முனைக்குப் போவோம். மெரோட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் மான்ட்கோமரி. அங்கே 44-ம் எண் டிராம் ஏறினால், மரங்களுக்கு நடுவே ஓடி டெர்வூரனில் கொண்டுபோய் இறக்கிவிடும். அழகான பாதைதான். ஆனால், இந்தச் சாலை போடப்பட்ட காரணம் அவ்வளவு அழகானது அல்ல. 1897-ல் மன்னர் இரண்டாம் லியோபோல்டு நடத்திய கண்காட்சிக்காகப் போட்ட சாலை இது. காங்கோவிலிருந்து 267 பேரைக் கொண்டுவந்து, டெர்வூரனில் வேடிக்கைப் பொருளாக நிறுத்தினார்கள். அவர்களில் ஏழு பேர் ஊர் திரும்பவே இல்லை. அங்கேயே இறந்துபோனார்கள். டெர்வூரன் தேவாலய வளாகத்தில் அவர்களுடைய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன.

அந்தக் கண்காட்சியின் தொடர்ச்சியாக எழுந்ததுதான் இங்குள்ள ஆப்பிரிக்க அருங்காட்சியகம். இங்கே சிறுத்தைத்தோல் முகமூடியும் கையில் நகங்களுமாக, தூங்கும் ஒருவர்மேல் பாயத் தயாராக நிற்கும் மனிதனின் சிலை இருக்கிறது. வடித்தவர் பால் விஸ்ஸார்ட் என்ற பெல்ஜிய சிற்பி. 'காங்கோவில் டின்டின்' கதையில் வரும் சிறுத்தை மனிதனுக்கு இதுதான் முன்மாதிரி.

1930-ல் அந்தக் கதையைத் தொடங்கியபோது ஹெர்ஜேவுக்கு 23 வயது. அவருக்கு அமெரிக்கக் கதை வரைய ஆசை. நாளிதழின் ஆசிரியரோ, சிறுவர்களுக்குக் காலனி மேல் ஈர்ப்பு வரவேண்டும் என்று காங்கோவுக்கு அனுப்பச் சொன்னார். ஹெர்ஜே அருங்காட்சியகம் காட்டியதை அப்படியே நம்பி வரைந்தார். விளைவு, காங்கோ மக்களை விவரம் தெரியாதவர்களாகக் காட்டிய புத்தகம். அன்றைய பெல்ஜியத்தில் எல்லோரும் சொன்னது மட்டுமே தனக்குத் தெரிந்திருந்தது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் புத்தகம் மீதான விமர்சனம் இன்றும் ஓயவில்லை.

அருங்காட்சியகமும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகள் மூடப்பட்டு, 2018 டிசம்பரில் மறுபடி திறந்தபோது சிறுத்தை மனிதனைப் பழைய சிலைகளோடு தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். காங்கோ ஓவியர் செரி சம்பா இதை முன்பே வரைந்திருந்தார். 2002-ல் அவர் தீட்டிய ஓவியத்தில், காங்கோ மக்கள் அந்தச் சிலையைக் கயிறு கட்டி வெளியே இழுக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்!

வழியில் கிடைத்த நண்பர்

அடுத்து டின்டின் சீனாவுக்குப் போகப்போகிறான் என்று தெரிந்ததும், பெல்ஜியத்தில் சீன மாணவர்களுக்குத் துணையாக இருந்த ஒரு பாதிரியார் ஹெர்ஜேவுக்குக் கடிதம் எழுதினார். கவனமாக வரையுங்கள் என்பதுதான் அதன் சாரம். 1934-ல் ஹெர்ஜேவுக்கு அறிமுகமானார் ஜாங் சோங்ரென். பிரஸ்ஸல்ஸில் சிற்பம் படிக்க வந்த மாணவர், ஹெர்ஜேவின் வயதுதான்.

ஜாங் பேசப் பேச, ஹெர்ஜேவின் சீனா மாறியது. 'நீலத் தாமரை' கதையின் தெருப் பலகைகளில் இருக்கும் சீன எழுத்துகள் வெறும் கிறுக்கல் அல்ல. ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் நிஜமான முழக்கங்கள்கூட அவற்றில் உண்டு. சீனர்களைப் பற்றி ஐரோப்பியர்கள் நம்பிய கட்டுக்கதைகளைக் கதைக்குள்ளேயே கிண்டல் செய்தார் ஹெர்ஜே. நான்கே வருடத்தில் இப்படி ஒரு மாற்றம்!

மறுபடி பூங்காவுக்கு...

இப்போது அதே டிராமில் திரும்பி, சங்காந்தனேர் பூங்காவில் உள்ள கலை, வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் நுழையலாம். தென் அமெரிக்கப் பிரிவில் சின்னதாக ஒரு மரச்சிலை இருக்கிறது. பெருவின் சிமு மக்கள் செய்தது. 1935-ல் தொடங்கிய 'உடைந்த காது' கதையில் திருடு போகும் சிலைக்கு மாதிரி இதுதான்.

அதே பிரிவில், முழங்காலை மடக்கி உட்கார்ந்த நிலையில் ஒரு மம்மி. டின்டின் வாசகர்களைத் தூங்கவிடாமல் செய்த ராஸ்கர் கப்பாக்! 'நிஜமான ராஸ்கர் கப்பாக் எங்களிடம் இருக்கும் மம்மிதான்' என்று பெல்ஜியத்தின் ஒரு விலங்குப் பூங்கா உரிமை கொண்டாட, 2020-ல் இரு தரப்புக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது.

ராஸ்கர் கப்பாக் வரும் 'ஏழு பளிங்குக் கோளங்கள்' 1943 டிசம்பரில் தொடராகத் தொடங்கியது. இந்தக் கதைக்கும் அதன் அடுத்த பாகத்துக்கும், 1880-ல் வெளியான சார்லஸ் வீனரின் பெரு பயண நூலையும், நேஷனல் ஜியோகிராபிக் இதழையும் ஹெர்ஜே புரட்டினார். 1944 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் விடுதலையானதும் தொடர் பாதியில் நின்றது. ஜெர்மானியர் கட்டுப்பாட்டில் இருந்த நாளிதழில் வரைந்ததற்காக அவர்மேல் விசாரணை வந்தது. கதை மறுபடி தொடர 1946 செப்டம்பர் ஆனது.

அந்தக் கதையின் ஆரம்பத்தில் ஒரு காட்சி. இன்கா கல்லறையைத் திறந்து மம்மியை எடுத்துவந்த ஆய்வாளர்களைப் பற்றிய செய்தியை டின்டின் ரயிலில் படிக்கிறான். பக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்வியின் பொருள் இதுதான்: அவர்கள் இங்கே வந்து நம் மன்னர்களின் கல்லறையைத் தோண்டினால் நாம் சும்மா இருப்போமா?

டெர்வூரனில் பார்த்ததை அப்படியே நம்பிய இளைஞர், 13 வருடம் கழித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தப் பொருள் எப்படி வந்தது என்று சிறுவர்களையும் யோசிக்க வைத்தார்.

போனில் தேடினால் எந்த ஊர்ப் படமும் ஒரு நொடியில் கிடைத்துவிடும் காலம் இது. காமிக்ஸ் வரையும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், ஜாங் கதையை ஒருமுறை சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பேசிவிட்டு வரைவது எவ்வளவு வித்தியாசம் என்பது புரியும்.

பிரஸ்ஸல்ஸ் போகிறவர்கள் கவனத்துக்கு: இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ஹெர்ஜேவின் அசல் ஓவியங்களைப் பார்க்க வேண்டுமானால், 2009-ல் லூவென்-லா-நேவ் நகரில் திறக்கப்பட்ட ஹெர்ஜே அருங்காட்சியகத்துக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.