மல்லும் மலையும்

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறி ஜன்னலோரத்து இடம் பிடித்துவிட்டீர்களானால் நீங்கள் பாக்கியசாலிதான். வழி நெடுகக் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கூடவே வரும். கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் கோமுகி அணை. அதற்கு அப்பால், யாரோ நீல மையைக் கொட்டிக் கவிழ்த்தாற்போல் கல்வராயன் மலை. பிறகு பஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். ஏற ஏற வெயில் இளைத்துக்கொண்டே வரும்.

ஊட்டி, கொடைக்கானல் என்று மூட்டை கட்டுகிறவர்கள் இந்த மலையை எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் மலைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பிரிவாக அது பாட்டுக்கு நிற்கிறது. கோமுகியும் மணிமுத்தாறும் இங்கேதான் பிறக்கின்றன. இங்கே வாழும் மலையாளிகள் கேரளத்துக்காரர்கள் அல்ல. மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1976-ஆம் ஆண்டு வரை இந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது.

பழந்தமிழில் மலைக்குச் 'சிலம்பு' என்று ஒரு பெயர் உண்டு. மலைநாட்டுத் தலைவன் 'சிலம்பன்'. சிலம்பம் என்ற கோல் விளையாட்டின் பெயர் இதிலிருந்துதான் வந்தது என்பது ஒரு கட்சி. கோல் சுழலும்போது எழும் ஓசையால் வந்தது என்பது எதிர்க்கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும், மூங்கில் அசையும் மலைச்சரிவைப் பார்க்கும்போது ஒரு கேள்வி மனத்தில் எழத்தான் செய்கிறது. பங்காளிச் சண்டை கிடையாது, வரப்புத் தகராறு கிடையாது. அப்படியிருக்க ஒரு மனிதன் இன்னொரு மனிதனோடு எதற்காக வலிய வந்து மோதுகிறான்?

"மலையைப் பார்க்க வந்த இடத்தில் மல்யுத்த ஆராய்ச்சியா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு ஏற்ற ஊர் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. மலையை விட்டு இறங்கிச் சங்கராபுரம் வழியாகத் திருக்கோவிலூருக்கு வாருங்கள்.

காரியின் கணக்கு

திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டுத் தென்பெண்ணைக் கரைக்குப் போனால், ஆற்றுக்கு நடுவே ஒரு பாறை தெரியும். கபிலர் உயிர் நீத்த இடம் என்று ஊரார் காட்டுகிறார்கள். பாரியின் நண்பரான அந்தக் கபிலர், இந்த ஊர்த் தலைவனையும் பாடியிருக்கிறார். மலையமான் திருமுடிக்காரி என்பது அவன் பெயர்.

காரி சிற்றரசன்தான். ஆனால் மூவேந்தருக்கும் அவன் தேவைப்பட்டான். அவன் எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கம் வெற்றி. ஆகவே சேர சோழ பாண்டியர் பரிசுகளை அனுப்பி அவனைத் துணைக்கு அழைத்தார்கள். சேரனுக்காகக் கொல்லி மலைக்குப் போய் வல்வில் ஓரியைக் கொன்றான். வென்ற மலையைத் தான் வைத்துக்கொள்ளாமல் சேரனிடம் கொடுத்துவிட்டான். வந்த பொருளையோ பாடி வந்தவர்களுக்கு வாரி வழங்கினான். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மனைவியைத் தவிர அவனுக்கு வேறொன்றுமில்லை என்று கபிலரே வியக்கிறார்.

கொன்றவன், கொல்லப்பட்டவன் இருவருமே கடையெழு வள்ளல்கள் என்பதுதான் விசித்திரம்! காரிக்குப் போர் ஒரு தொழில். கருமான் இரும்பை அடிப்பதுபோல் அவன் போர்க்களத்தில் வேலை செய்தான். அந்த வாழ்வுக்கும் ஒரு விலை இருந்தது. தகடூர் அதியமான் ஒரு நாள் படையோடு வந்து கோவலூரையே வென்றுவிட்டான்.

மலையமானின் பிள்ளைகளுக்கு நேர்ந்ததோ இன்னும் கொடுமை. சோழன் கிள்ளிவளவன் அந்தச் சிறுவர்களை யானைக் காலில் இட ஏற்பாடு செய்தான். குழந்தைகள் யானையை வேடிக்கை பார்த்து அழுகையை மறந்தார்கள். புதிய ஜனக்கூட்டத்தைப் பார்த்துத்தான் மிரண்டார்கள். இதைச் சொல்லிக் கோவூர் கிழார் அரசன் மனத்தைத் திருப்பினார், பிள்ளைகள் பிழைத்தார்கள். எதிரே நிற்பவனுக்கும் திருப்பி அடிக்கக் கை வேண்டும், அடிபட்டவன் எழுந்து வீட்டுக்குப் போக வழி வேண்டும். அப்படி இருந்தால்தான் அது போட்டி.

கூழ் குடித்த இளவரசன்

காரியைப் பாடிய அதே புறநானூற்றில் நிஜமான மற்போர் ஒன்றும் இருக்கிறது. உறையூரில் ஆண்ட தித்தனின் மகன் பெருநற்கிள்ளி. தந்தைக்கும் மகனுக்கும் மனஸ்தாபம். அரச போகத்தை விட்டு வெளியேறி, கூழைக் குடித்துக்கொண்டு வேற்றூரில் கிடந்தான் பிள்ளை. பிறகு ஆமூரில் பேர் பெற்ற மல்லன் ஒருவனோடு மோதினான். ஒரு முழங்காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறுகாலால் அவன் தந்திரத்தைத் தடுத்து, தலையும் காலும் ஒருங்கே முறியும்படி வளைத்தானாம்.

இந்தச் சண்டையைப் பாடிய சாத்தந்தையார், நடுவில் தித்தனை நினைத்துக்கொள்கிறார். அவன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும் என்கிறார். கிள்ளியின் கைகளுக்குள் சிக்கியிருந்தவன் ஆமூர் மல்லன். ஆனால் அவன் யாரோடு மல்லுக்கு நின்றான் என்பதைப் புலவர் கண்டுபிடித்துவிட்டார்!

அந்தச் சண்டையின் வேகத்துக்கு அவர் சொல்லும் உவமை இன்னும் ருசிகரமானது. கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவன். ஊரில் திருவிழா; வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேளை; மழை கொட்டுகிறது, பொழுதோ சாய்கிறது. அவன் கையிலுள்ள ஊசி என்ன பாடுபடும்? அந்த ஊசிபோல் இருந்ததாம் கிள்ளியின் போர். மனம் எங்கெங்கோ இழுக்கப்பட்டாலும் கை தடுமாறவில்லை. பயில்வான்களுக்கு ஆசான்கள் மணிக்கணக்காக உபதேசிப்பதும் இதைத்தானே?

வேடிக்கை பார்த்தவர்களிலும் ஒருத்திக்கு மனம் அடித்துக்கொண்டது. கிள்ளியை விரும்பிய நக்கண்ணையார் அவர். ஊரில் சிலர் கிள்ளிக்கே வெற்றி என்கிறார்கள். சிலர் இல்லை என்கிறார்கள். அவரோ தம் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று அவன் ஜெயித்ததைத் தாமே பார்த்தார்.

கோல் பிடிக்கும் பிள்ளைகள்

நம் காலத்துக்கு வருவோம். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் மல்யுத்தத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார் மராட்டியத்துக் கே.டி. ஜாதவ். அவருடைய வழிச்செலவுக்கு ஊர் ஜனங்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். களத்தில் அவர் முதுகு மண்ணில் படாமல் காக்க ஓர் ஊரே நின்றது.

தமிழ்நாட்டில் இன்று சிலம்பம் பயிலும் பிள்ளைகளைப் பாருங்கள். நெற்றி உயரத்துக்குக் கோல். அடிக்கக் கற்பதற்கு முன்பே வணங்கக் கற்கிறார்கள். மண்ணுக்கும் ஆசானுக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கோல் சுழலும். நுனியில் கரியைத் தடவி, எதிராளி மேல் பட்ட தடங்களை எண்ணி வெற்றி சொல்வது பழைய வழக்கம். மண்டையைப் பிளப்பதைவிட மெல்லத் தொட்டுவிட்டு வருவதில்தான் வித்தை இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது சேர்ந்துவிட்டது.

ஆகவே ஒரு பையன் உத்தியோகத்தை நினைத்துக் கோல் பிடிக்கிறான். இன்னொருவனுக்குத் தெருவில் தன்னைக் கேலி செய்தவன் ஞாபகம். ஒரு பெண் குழந்தைக்கு இருட்டில் தனியே நடக்கும் தைரியம் வேண்டும். மனோதத்துவக்காரர்கள் வேறொரு விதமாகப் பிரிக்கிறார்கள்: பிறனைத் தோற்கடிக்க ஆடுகிறவன் ஒரு வகை, நேற்றைய தன்னைவிட இன்று தேற ஆடுகிறவன் இன்னொரு வகை. முதல் வகைக்காரனைத் தோல்வி நொறுக்கிவிடும். இரண்டாம் வகைக்காரன் தோற்ற மறுநாளும் களத்துக்கு வருவான்.

இதைக் கள்ளக்குறிச்சியில் நின்றுகொண்டு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019-இல் தனி மாவட்டமான இந்த ஊரின் பெயர், 2024 ஜூனில் நாடெங்கும் துக்கத்தோடு உச்சரிக்கப்பட்டது. கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கூலி வேலை செய்து களைத்த உடம்புகள் அவை. தகப்பனை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு வாழ்க்கையே ஒரு மல்லனாக எதிரே வந்து நிற்கிறது. சட்ட திட்டமில்லாத, நடுவர் இல்லாத மல்லன்.

ஒரு சிலம்பக் கோல் அவர்கள் கஷ்டத்தைத் தீர்த்துவிடும் என்று சொன்னால் அது வெறும் அளப்பு. படிப்பும் வேலையும் நிழலும் வேண்டும். ஆனால் விழுந்தால் எழுந்திருக்கவும், ஓங்கிய கையை நிறுத்தவும், தன்னை வென்றவனுக்குக் கும்பிடு போடவும் ஒரு களம் கற்றுக்கொடுக்கிறது. பிள்ளை கோலைக் கையில் எடுக்கும்போது, "யாரை ஜெயிக்கப் போகிறாய்?" என்று கேட்பது நம் வழக்கம். "யாருக்காக ஆடப் போகிறாய், கண்ணு?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அது சொல்லும் பதிலில் பிள்ளையின் மனம் தெரிந்துவிடும்.