விழும் பக்கம்

கர்ப்பத்தில் சிசு உருவாகும் காலத்தில், ஐந்தாறு வாரங்களுக்குள்ளாகவே, முதன்முதலாக எலும்பாக இறுகத் தொடங்குவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கிடக்கும் காறை எலும்புதான் என்றும், மற்ற நீண்ட எலும்புகள் யாவும் வளர்ந்து முடிந்த பிறகு, ஏறக்குறைய 25 வயதில், கடைசியாக முதிர்ச்சி அடைவதும் அதுவே என்றும் சரீர சாஸ்திரம் கூறுகிறது. இத்தனை சாவகாசமாக நிறைவு பெறுகிற அந்த எலும்பு, சைக்கிளிலிருந்து ஒருவன் கீழே விழும்போது ஒரு க்ஷணத்தில் முறிந்துபோவது மிகவும் சகஜமாக இருக்கிறது. கையை உடற்கூட்டோடு எலும்பின் வழியாகப் பிணைத்திருப்பது அது ஒன்றே. தோள்பட்டையின் மற்றப் பிணைப்புகளெல்லாம் தசையாலும் நாராலும் ஆனவை. ஆகையால் விழுகிறவனுடைய தோள் தரையில் மோதும்போதும், அவனுடைய உத்தரவை எதிர்பாராமலே கை நீண்டு தரையில் ஊன்றும்போதும், அந்த அதிர்ச்சி இந்த மெல்லிய எலும்பின் வழியாகவே மார்புக்கு இறங்க வேண்டியிருக்கிறது. இரண்டு வளைவுகளாக நெளிந்திருக்கும் அது, பெரும்பாலும் நடுப்பாகத்தில் ஒடிந்துவிடுகிறது.

எனக்கு ஒடிந்தது இடப்பக்கத்து எலும்பு. சம்பாப் பயிர் அறுவடையாவதற்குச் சில தினங்கள் முன்னதாகவே வயலின் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிட்டு, அது பங்குனி, சித்திரையில் காய்த்து முற்றியதும் செடியோடு பிடுங்கி, களம் போதாதவர்கள் தார்ச் சாலையிலேயே பரப்பி, போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் ஏறி மணி உதிரும்படி விட்டுவிடுவது எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கம். திருவையாற்றுச் சாலையில் ஒரு திருப்பத்துக்கு அப்பால், மரநிழலில், பனியின் ஈரம் உலராமல் கிடந்த அந்தச் செடிகளின்மேல் என் முன்சக்கரம் வழுக்கிற்று. உளுந்து பரப்பியிருந்த குடும்பத்தார்தாம் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்தார்கள். அந்தக் குடும்பத்து மூதாட்டி தம்முடைய முந்தானையால் என் முழங்கையிலிருந்த இரத்தத்தைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, "கையை ஆட்டாதீங்க ஐயா, அப்படியே புடிச்சுக்குங்க" என்றார். அவர்கள்மீது எனக்கு அப்போதும் வருத்தம் உண்டாகவில்லை, இப்போதும் இல்லை. மூன்று மாத உழைப்பைக் கிடைத்த இடத்தில்தானே காயப்போட முடியும்?

ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து டாக்டர் காட்டியபோது, 1895-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற பௌதிக சாஸ்திரி தம் மனைவியின் கை எலும்புகளை அவள் கண்ணாலேயே காணச் செய்த நிகழ்ச்சி என் நினைவுக்கு வந்தது. தன் அஸ்தியைத் தானே பார்ப்பது யாருக்கும் சற்றுக் கலக்கத்தைத் தருவதுதான். அந்த டாக்டர் மிகுந்த பொறுமைசாலி. "முறிந்த இரு துண்டுகளும் அதிகமாக விலகவில்லை. இதற்கு மாவுக்கட்டு போட முடியாது. நீங்கள் மூச்சு விடும்போதெல்லாம் அசையும் இடம் இது. கையைத் தொட்டிலில் தொங்கவிடுவோம். எலும்பு தன் வேலையைத் தானே செய்துகொள்ளும், அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு, ஆந்திர தேசத்துப் புத்தூருக்குப் போய்ப் பச்சிலையும் முட்டை வெண்கருவும் தடவி மூங்கில் தப்பை வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் பலர். அந்தக் கட்டினால் கை கால் நேரானவர்களை நானும் அறிவேன். ஆனால் தப்பை வைக்க இடமே இல்லாத எலும்பு இது. என் தமக்கை மட்டும் யாருடைய யோசனைக்கும் காத்திராமல், தோட்டத்து வேலியிலிருந்து பிரண்டையை ஒடித்து, கணு நீக்கி, அரிப்புத் தீர நல்லெண்ணெயில் வதக்கி, புளியும் மிளகாயும் உளுத்தம்பருப்பும் வைத்துத் துவையல் அரைத்து எனக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.

முறிந்த எலும்பு கூடும் விதத்தை அந்த வாரங்களில்தான் நான் படித்து அறிந்துகொண்டேன். அறிய அறிய என் வியப்பு அதிகரித்தது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டிக்குள் புதிய இரத்தக் குழாய்கள் நுழைகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும் மிருதுவான ஒரு பாலம் அமைகிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியான முடிச்சு ஆகிறது. அப்புறம் மாதக்கணக்காக, சில சமயம் வருஷக்கணக்காக, அணுக்களில் ஒரு வகை தேவையற்ற பகுதியைக் கரைத்துக்கொண்டும், மற்றொரு வகை தேவையான இடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டும், பழைய உருவத்தை நோக்கி அதைச் செதுக்கிக்கொண்டே வருகின்றன. உடம்பின் மற்றக் காயங்கள் பெரும்பாலும் தழும்பாகவே ஆறுகின்றன. எலும்பு மட்டும் எலும்பாகவே ஆறுகிறது. இவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது, யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய ரண வைத்தியர் 1892-இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்ட கருத்து. எலும்பானது தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதும், பாரம் தாங்கும் இடத்தில் தடித்து, பாரம் இல்லாத இடத்தில் மெலிந்துபோகிறது என்பதும் அவர் கண்டவை. ஆகையால் முறிந்தவனுக்கு ஒரு காலத்தில் ஓய்வே ஔஷதமாக இருந்து, பின்னொரு காலத்தில் அந்த ஓய்வே வியாதியாக மாறிவிடுகிறது. இந்த இரு காலங்களும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை நிதானமாகப் பார்த்துச் சொல்லுவதுதான் நல்ல வைத்தியருடைய திறமை என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு அந்த இடம் வந்ததும், குனிந்து நின்று கையைத் தளரத் தொங்கவிட்டுச் சிறு வட்டங்களாகச் சுழற்றச் சொன்னார்கள். பிறகு சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக ஏறவிட்டு நேற்று எட்டிய உயரத்துக்குச் சற்று மேலே எட்டச் சொன்னார்கள். பிறகு கப்பியில் கயிறு மாட்டி, நல்ல கையால் இழுத்து நோயுற்ற கையை மேலே தூக்கச் செய்தார்கள். கிணற்றடியில் பழைய கப்பி ஒன்று இருந்தது உபயோகமாயிற்று. இந்த அப்பியாசங்களில் விவரிக்கத் தக்க சுவாரசியம் எதுவும் இல்லை. வலியும் பொறுமையுமே உண்டு. ஆனி மாதக் கடைசியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமேல் சைக்கிளில் ஏறலாம்" என்றார் டாக்டர்.

ஏறலாம் என்று எலும்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குக் கிடைக்கவில்லை. சைக்கிளும் அதற்குள் கடையிலிருந்து திரும்பியிருந்தது. கடைக்காரர் முன்சக்கரத்து ரிம்மின் கோட்டத்தை, ஒரு பக்கத்து ஸ்போக்ஸ் கம்பியை இறுக்கியும் எதிர்ப்பக்கத்துக் கம்பியைத் தளர்த்தியும், சுற்றிச் சுற்றிப் பார்த்து எடுத்திருந்தார். வண்டி நேராக ஓடிற்று. ஓட்டுகிறவன்தான் நேராக ஓடவில்லை. எங்கள் தெரு, ஆறு வயதுப் பிள்ளைகள் குரங்குப் பெடல் போட்டுப் பழகுகிற சாதுவான தெரு. அதிலே சிறு வயது முதல் சைக்கிள் ஓட்டி வந்திருக்கும் நான், ஓர் உலர்ந்த வேப்பஞ்சருகைக் கண்டதும் தோள் இறுகி, மூச்சு நின்று, இரு கைகளாலும் கைப்பிடியை நெரிப்பதுபோல் பற்றிக்கொண்டேன். மனத்தில் பயமில்லை என்று என்னால் சத்தியமாகச் சொல்ல முடிந்தது. ஆயினும் கைகள் பயந்தன. புத்தியைக் கலந்துகொள்ளாமலே விழும் நேரத்தில் நீண்ட அந்தக் கை, இப்போதும் புத்தியைக் கலந்துகொள்ளாமலே விறைத்துக்கொண்டது.

சைக்கிள் நிற்பதன் ரகசியத்தை அறிந்தால் இந்த விறைப்பின் அபாயம் விளங்கும். சக்கரங்கள் சுழலுவதால்தான், பம்பரம் நிற்பதுபோல் சைக்கிளும் நிற்கிறது என்று நெடுங்காலமாகப் பலர் நம்பி வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டேவிட் ஜோன்ஸ் என்ற ரசாயன சாஸ்திரி, முன்சக்கரத்தின் பக்கத்தில் தரையைத் தொடாத வேறொரு சக்கரத்தைப் பொருத்தி, அதை எதிர்த் திசையில் சுழற்றி, அந்தப் பம்பர சக்தியை அழித்து ஒரு வண்டி செய்து, அதில் தாமே ஏறி ஓட்டிப் பார்த்து, ஓட்டுவதில் அதிகக் கஷ்டம் இல்லை என்று கண்டு 1970-இல் எழுதினார். ஓட்டுகிறவனைத் தாங்குவது வேறொன்று. வண்டி இடப்பக்கம் சாயத் தொடங்கினால் அவன் கைப்பிடியையும் இடப்பக்கமே திருப்புகிறான். உடனே சக்கரங்கள் சாயும் உடலுக்கு அடியில் வந்து அதை நிமிர்த்திவிடுகின்றன. ஸ்காட்லாந்து தேசத்து ராங்கின் என்ற பேரறிஞர், சைக்கிளின் ஆதி உருவங்கள் வீதிகளில் ஓடிக்கொண்டிருந்த 1869-ஆம் வருஷத்திலேயே இதைப்பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நேராகப் போகிறோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு விநாடியிலும், கண்ணுக்குத் தெரியாத அளவில் இடமும் வலமுமாக விழுந்துகொண்டும், விழும் பக்கமே திரும்பி எழுந்துகொண்டும் இருக்கிறோம். பயந்தவன் செய்வது இதற்கு நேர் விரோதமானது. அவன் விழக்கூடாது என்ற உறுதியோடு கைப்பிடியை அசையாமல் பிடிக்கிறான். அல்லது இடப்பக்கம் சாயும்போது பதறிப்போய் வலப்பக்கம் திருப்புகிறான். அந்த உறுதியே அவனைக் கீழே தள்ளுகிறது. விழுந்து எழுந்தவன் மறுபடியும் அடைய வேண்டியது துணிச்சல் என்று சொல்லுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கைகள் விழும் பக்கம் திரும்புவதற்குத் திரும்பவும் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சம்மதத்தை மனத்தின் கட்டளையால் பெற முடியாது, சைக்கிள்மேல் உட்கார்ந்தே பெற வேண்டும்.

சைக்கிள் பந்தய வீரர்களின் சரித்திரத்தில், முறிந்த காறை எலும்போடு ஓட்டினவர்களின் புகழ் பெரிது. 1956-ஆம் வருஷத்து இத்தாலியப் பெரும் பந்தயத்தில், ஃபியோரென்ஸோ மாக்னி என்ற 35 வயது வீரர் இறக்கத்தில் விழுந்து என்னைப் போலவே இடக் காறை எலும்பை முறித்துக்கொண்டார். ஏற்றத்தில் கையால் கைப்பிடியை இழுக்க வலு இல்லாமற்போகவே, ரப்பர் ட்யூப் ஒன்றைக் கைப்பிடியில் கட்டி, அதன் மறு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு மலை ஏறினார். மறுபடி விழுந்து மேற்கை எலும்பையும் முறித்துக்கொண்ட பிறகும் விடாமல் ஓட்டி, முடிவில் சார்லி கௌல் என்பவருக்கு அடுத்தபடியாக இரண்டாம் ஸ்தானம் பெற்றார். ட்யூபைக் கடித்திருக்கும் அவருடைய புகைப்படத்தைப் பார்க்கிற எவனும் வணங்கத்தான் செய்வான். ஆயினும் எலும்பை மதியாத அந்த வைராக்கியத்தைச் சாமானிய மனிதர் பின்பற்றலாகாது என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். என் மனத்துக்கு அதிக நெருக்கமானவர், நெதர்லாந்து நாட்டு வீராங்கனை அன்னெமீக் வான் ஃப்ளூட்டன். 2016-இல் ரியோ ஒலிம்பிக் பந்தயத்தில் எல்லாருக்கும் முன்னால் தனியே போய்க்கொண்டிருந்தபோது மலை இறக்கத்தில் விழுந்து, மூளை அதிர்ந்து, முதுகெலும்பில் மூன்று இடங்களில் முறிவும் பெற்றார். அதன் பின் 38 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில், நேரத்தை எதிர்த்துத் தனித்தனியே ஓட்டும் சைக்கிள் பந்தயத்தின் தங்கப் பதக்கத்தை வென்றார். அந்த இரண்டுக்கும் நடுவே, 2016-க்கும் 2021-க்கும் இடையில், அவர் இறங்கின ஒவ்வோர் இறக்கத்திலும் அவருடைய கைகள் எப்படியிருந்திருக்கும் என்பதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

"போதுமடா தம்பி, இந்த வயசில் உனக்குச் சைக்கிள் எதற்கு? பஸ் போகிறது, ஆட்டோ போகிறது" என்று என் தமக்கை கண்ணில் நீர் வரச் சொன்னாள். அவளுடைய அன்பை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பஸ்ஸில் போகிறவனுக்குத் திருவையாறு ஓர் ஊர். சைக்கிளில் போகிறவனுக்கோ, வழியெல்லாம் திருவையாறே. நாற்றங்காலின் பச்சை வாசனையும், வாய்க்கால் மதகில் நீர் விழும் ஓசையும், எதிரே வருகிறவர் நின்று நலம் விசாரிக்கும் அவகாசமும் அந்த வேகத்துக்கு மட்டுமே கிடைப்பவை. ஐம்பதைக் கடந்த ஒருவன் அதை விட்டுவிட்டால், அவனுடைய எலும்பு மட்டுமா மெலியும்?

தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் இடையே சுமார் 13 கிலோமீட்டர் தூரம். அதற்குள் ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். கரந்தையை ஒட்டி வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, பிறகு வெட்டாறு, கண்டியூரைத் தாண்டிக் குடமுருட்டி, கடைசியில் காவிரி. சமவெளியாகிய எங்கள் நாட்டில் ஏற்ற இறக்கம் என்று சொல்லத் தக்கவை பாலங்களின் இரு பக்கத்துச் சரிவுகளே. நான் என் மீட்சியை இந்த ஆறுகளாலேயே அளந்துகொண்டேன். வடவாற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவது என்று ஆரம்பித்து, அது பழகி, கைகள் தளர்ந்து, சரிவில் இறங்கும்போது மூச்சு சீராக வரத் தொடங்கிய பிறகே வெண்ணாற்றுக்குப் போனேன். அவசரப்படவில்லை. எலும்புக்கு எந்தப் பொறுமையைக் கொடுத்தோமோ, அதே பொறுமையைக் கைகளுக்கும் கொடுப்பதுதானே நியாயம்? அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. மேட்டூரில் திறந்த தண்ணீர், கல்லணையில் காவிரியாகவும் வெண்ணாறாகவும் பிரிந்து, எங்கள் ஆறுகளில் செம்மண் நிறத்தோடு வந்துகொண்டிருந்தது. சாலை வடக்கு நோக்கிப் போவதால் ஆடி மாதத்து மேல்காற்று இடப்பக்கத்திலிருந்து வீசும். மரங்களின் மறைவிலே தெரியாத அதன் பலம், பாலத்தின்மேல் ஏறியதும் சட்டென்று தோளில் மோதும். வெட்டாற்றுப் பாலத்தில் முதல் தடவை அந்தக் காற்று என்னைத் தள்ளியபோது, நான் எதுவும் நினைப்பதற்கு முன்பே என் கைகள் சிறிது இளகி, வண்டி சாய்ந்த பக்கமே திரும்பி, அதை நிமிர்த்திவிட்டன. பாலத்தைக் கடந்த பிறகே, நடந்தது இன்னதென்று நான் உணர்ந்தேன். அன்று நான் அடைந்த சந்தோஷத்தைப் பிறருக்கு விளக்கிச் சொல்லுவது கடினம். குடமுருட்டியும் காவிரியும் அதற்குப் பிறகு அதிக நாள் காத்திருக்கவில்லை.

இன்னும் எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. தோளில் எலும்பு கூடிய இடத்தில் ஒரு முடிச்சு கைக்குத் தட்டுப்படுகிறது. இடக் கையால் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலக் கையைத் தூக்கி எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்ல இன்னும் கூடவில்லை. கறிகாய்ப் பையை இப்போது பின் கேரியரில்தான் வைக்கிறேன். ஆனால் வருகிற புஷ்ய பகுள பஞ்சமியன்று, திருவையாற்றில் நடக்கும் தியாகராஜ சுவாமிகள் ஆராதனைக்கு, பஞ்சரத்ன கீர்த்தனை தொடங்குமுன் போய்ச் சேரும்படி சைக்கிளிலேயே செல்லுவது என்று தீர்மானித்திருக்கிறேன். என் மைத்துனரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நெடுங்காலமாகக் கொல்லைத் தாழ்வாரத்தில் கிடந்த அவருடைய சைக்கிளை நேற்றுத்தான் இருவரும் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனோம். பிரேக் கட்டைகளையும் பின் டயரையும் மாற்றி, ஓவராயில் செய்து, வெள்ளிக்கிழமை தருவதாகக் கடைக்காரர் சொன்னார்.