அனுப்பியவர் யார் என்று கேட்காத வாகனம்

கார் வாங்கச் செல்லும் நாம் எஞ்சினைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விசாரிக்கிறோம். அதனுள் இருக்கும் கணினிகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று எனப் பல சிறு கணினிகள் இன்றைய காருக்குள் இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கின்றன.

அவை பேசிக்கொள்ளும் முறைக்குக் ‘கேன்’ என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் இதனை அறிமுகப்படுத்தியது. ஒரே கம்பி இணையில் ஒரு கணினி அனுப்பும் செய்தியை மற்ற யாவும் கேட்கும். செய்தி எதைப் பற்றியது என்பதைக் காட்டும் எண் அதில் உண்டு. அனுப்பியவர் யார் என்பதற்குச் சான்று இல்லை. வீட்டார் மட்டுமே கூடியிருக்கும் கூடத்தில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை அல்லவா? பின்னாளில் அந்தக் கூடத்திற்குப் புளூடூத், வைஃபை, சிம் எனப் பல வாசல்கள் திறக்கப்பட்டன.

அதன் விளைவை 2015 ஜூலையில் உலகம் அறிந்தது. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் ஆய்வாளர்கள், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப் செரோக்கி ஒன்றைத் தொலைவிலிருந்த வீட்டிலிருந்தே மடிக்கணினியால் ஆட்டிவைத்தனர். சோதனைக்கு உடன்பட்டு அதனை ஓட்டியவர் ஒரு பத்திரிகையாளர். வானொலி தானாக அலறியது. பின்னர் ஆக்சிலேட்டரை மிதித்தும் கார் வேகம் இழந்தது. பாட்டும் வரைபடமும் காட்டும் திரையின் இணையத் தொடர்பே அவர்கள் நுழைந்த வாசல். நிறுவனம் 14 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்த நேர்ந்தது.

நாங்கள் அண்மையில் பழைய கார் ஒன்றை வாங்கினோம். திரையைத் தொட்ட பிள்ளைகள், “வாப்பா, இவையெல்லாம் யாருடைய பெயர்கள்?” என்றனர். முன்னவருடைய தொலைபேசி எண்களும் வீட்டு முகவரியும் அப்படியே இருந்தன. பிறருடைய இரகசியம் அமானிதம். மேலும் பாராமல் அழித்தோம். ஆயினும் ஓர் அச்சம் எஞ்சியது. அவருடைய கைபேசிச் செயலி இக்காருடன் இன்னும் இணைந்திருந்தால், எங்கள் வீட்டுப் பெண்கள் எங்கே செல்கின்றனர் என்பது ஓர் அந்நியருக்குத் தெரியுமே! அவரை அழைத்துப் பேசி, அங்கிருந்தும் காரை நீக்கச் செய்த பின்னரே மனம் அமைதி அடைந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்பது நமக்குப் புதிதன்று. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தே ஹதீஸை ஏற்கும் ஒழுங்கை நம் அறிஞர்கள் காத்து வந்துள்ளனர். அதே கேள்வியைக் கேட்கப் பொறியாளர்கள் இன்று கார்களுக்குக் கற்பிக்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்களுக்கு இணையப் பாதுகாப்பு விதிகள் கட்டாயமாகியுள்ளன.

நம் பங்கு எளியது. நிறுவனம் தரும் மென்பொருள் திருத்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்டியரிங்கின் கீழுள்ள சோதனைத் துளையில் முன்பின் அறியாத கருவிகளைச் செருக வேண்டாம். காரை விற்குமுன் திரையிலுள்ள விவரங்களை அழித்து, செயலியிலிருந்தும் காரை நீக்கிவிடுவோம். நம்மை நம்பி ஏறி அமர்வோரின் உயிரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.