ஓதம்

பேஸ்மெண்ட் வைத்துக் கட்டுகிற வழக்கம் நம்ம ஊர்ப் பழைய வீடுகளில் கிடையாது. ஆனால் திருவண்ணாமலைப் பழைய தெருக்களில் வீடே பேஸ்மெண்ட் ஆகிப்போன கதை உண்டு. ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதுமேலேயே கொட்டுகிறார்கள். தெரு உயர உயர வீடு தாழ்கிறது. படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போ படி இறங்கிப் போகணும்.

இந்தப் பள்ளத்து வீடுகள்தான் நம்ம சனங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும். வெளிச்சமும் காத்தும் வருகிற போர்ஷன் என்றால் கேள்வி வேற. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? கவுச்சி சமைப்பீங்களா?" மூணும் ஒரே கேள்விதான். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசு வேலைக்குப் போன அம்பேத்கருக்கே வீடு இல்லை. பார்சிப் பெயரில் ஒரு விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். நூறு வருசம் தாண்டியும் கேள்வி அதேதான். கேட்கிற குரலில் மட்டும் மரியாதை ஏறியிருக்கிறது.

நான் குடியிருந்ததும் ஒரு பள்ளத்து வீடு. இடுப்பு உயரம் ஓதம். கார்த்திகையில் ஊரே தீபத்துக்காக மலையைப் பார்க்கும். நாங்க சுவரைப் பார்ப்போம். உப்புப் பூத்துக் காரை பொரிஞ்சு விழும். புத்தகத்தில் பூஞ்சை. பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் இழுப்பு. வீட்டுக்காரர் சிமெண்டு பூசி, மேலே பெயிண்ட் அடிப்பார். அடுத்த மழைக்கு ஓதம் அதுக்கும் மேலே ஒரு சாண் ஏறி நிற்கும்.

இதே ஊர்ப் பெரிய கோயிலில், ஆயிரங்கால் மண்டபத்துக்கு அடியில் பாதாள லிங்கம் இருக்கிறது. 1896இல் வந்த ரமணர் அந்த இருட்டு ஈரத்தில் உட்கார்ந்தார். பூச்சிகள் தொடையை அரித்தன. அதுக்குத் தவம் என்று பேர். நம்மாளுங்க அதே ஈரத்தில் பிள்ளை வளர்த்தால் தலையெழுத்து என்கிறார்கள்.

நம்ம காலனிக் கொத்தனார் பெரியப்பா ஒருத்தர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "சொவுருக்கும் மூச்சு முட்டும்பா. சிமெண்ட்டப் பூசி வாய அடச்சிட்டாங்க. தண்ணி எங்க போவும்? மேலதான் ஏறும்" என்றார். விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செங்கல் மண்ணின் ஈரத்தை இழுக்கிறது. அதைத் தடுக்க அஸ்திவாரத்துக்கு மேலே போடுகிற ஓதத் தடுப்புப் பட்டை இந்த மாதிரிப் பழைய சுவர்களில் இல்லை. அவர் சொன்னபடியே செய்தோம். சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, பங்குனி சித்திரை வெயிலில் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசினோம். வெளிச்சுவர் ஓரம் பள்ளம் தோண்டிச் சரளை போட்டு, தண்ணீர் விலகிப் போக வாட்டம் கொடுத்தோம். பீரோவை ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஈரத்துணியை உள்ளே காயப்போடுவதை விட்டோம். மழையில் சன்னலைச் சாத்தி, வெயிலடித்தால் எதிரெதிர் சன்னலைத் திறந்து வைத்தோம். அந்த வருசக் கார்த்திகைக்குச் சுவரில் உப்பில்லை. பிள்ளை தூங்கினான்.

தை மாசம் வீட்டுக்காரர் வந்தார். "பையன் வர்றான், காலி பண்ணிக்கொடுங்க." பையன் வரவில்லை. கூடுதல் வாடகைக்கு வேற ஆள் வந்தார்கள். காரைக்கான செலவு எங்களோடது, காய்ந்த சுவர் அவங்களோடது. காட்டைத் திருத்தி வயலாக்கினவன் கூலியாகவே நின்ற கதையும் இதுதானே?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்கிறது. கட்டடப் பழுது பார்ப்பதும் வெள்ளையடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது. வாய்ப்பேச்சில் குடிபோகிற நம்ம சனங்க இதைத் தெரிஞ்சுக்கணும். ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்க. செலவு பண்ணினால் ரசீதை வைத்துக்கொள்ளுங்க.

ஆனால் வாடகைக்கு வருகிறவனைச் சாதி கேட்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. சாதியும் அடிமண்ணிலிருந்து ஏறுகிற ஓதம்தான். 'கவுச்சி', 'எந்தத் தெரு' என்று அதுமேல் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். கொத்தி எடுக்காமல் அந்தச் சுவர் காயப்போவதில்லை. அந்த வரியைச் சட்டத்தில் எழுத வைக்கிற வேலையை நாமதான் தொடங்கணும்.