வீட்டுப்பாடத்துக்கு ஒரு வீடு வேண்டும்

"வீட்டுப்பாடம் எழுதாதவங்க எல்லாம் எந்திரிங்க."

தென்காசிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஒவ்வொரு நாளும் இப்படித்தான் தொடங்கியது. சில வாரங்கள் அந்த வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தேன். தினமும் ஆறேழு பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். ஆசிரியர் அடிக்கமாட்டார். சாதி சொல்லித் திட்டவும் மாட்டார். மற்றவர்களின் நோட்டைத் திருத்தி முடிக்கும்வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கே இருபது நிமிடம் போய்விடும். அடுத்தது சத்தமாக வாசிக்கும் நேரம். "நீங்க மொதல்ல நேத்து உள்ளத எழுதி முடிங்க" என்று நின்றவர்களை ஓரமாக உட்கார வைத்துவிடுவார். அன்றைக்கு அவர்களுக்கு வாசிக்க முறை வராது.

நிற்பவர்கள் அநேகமாக எல்லோருமே காலனிப் பிள்ளைகள் என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

2022 செப்டம்பரில் நம் மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில், 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லி நம் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் மறுத்த காணொளியை நாடே பார்த்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வந்தது, கைது நடந்தது. மூன்றாம் வகுப்பில் தினமும் இருபது நிமிடம் நிற்கிற பிள்ளைக்குக் காணொளி கிடையாது. யார்மீது வழக்குப் போடுவது? அங்கே யாரும் எதையும் மறுக்கவில்லையே.

இதில் நானும் யோக்கியம் இல்லை, தோழர்களே. முதல் வாரத்தில் நான் செய்த வேலை, எழுதாத பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு பெற்றோருக்குப் புத்தி சொல்லப் போனதுதான். குற்றாலத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அம்மாவிடம், "சாயங்காலம் ஒரு மணி நேரம் பாப்பாவ உக்கார வச்சுப் படிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"சீசன் நேரம்மா. காலைல நாலு மணிக்கே நான் போயிருதேன். திரும்பி வர எந்நேரம் ஆகும்னே தெரியாது. அவதான் தண்ணி புடிச்சு வைக்கா, தம்பியப் பாத்துக்கிடுதா. நானும் படிக்கல. அவ எழுதுதது சரியா தப்பான்னு எனக்கு என்ன தெரியும்?"

ஜூனில் பள்ளி திறக்கிறது. ஜூனில்தான் சாரலும் தொடங்குகிறது. ஊரெல்லாம் அருவியில் குளித்துவிட்டுப் போடுகிற பிளாஸ்டிக் பையையும் எச்சில் இலையையும் அள்ளுகிறவர்களின் பிள்ளைகள், கல்வியாண்டின் முதல் மூன்று மாதம் வீட்டில் ஆள் இல்லாமல்தான் படிக்கிறார்கள். பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் போனால் சீசன்கூடக் கிடையாது. ஆண்டு முழுக்க அம்மாவின் மடியில் பீடிச் சுளகுதான். பிள்ளையின் நோட்டை வைக்க அங்கே இடம் ஏது?

சமூகவியல் முதுகலையில் பூர்தியூவின் 'பண்பாட்டு மூலதனம்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள் நான். அந்த வீட்டு வாசலில் நின்றபோது அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

நம் பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்வது ஒன்று உண்டு: "அம்பேத்கர் படிக்கலையா? நீயும் படி." பம்பாயில் ஒற்றை அறை வீட்டில் அவர் படித்தது உண்மை. அவருடைய அப்பா ராம்ஜி யார்? ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். இரவு இரண்டு மணிவரை தான் விழித்திருந்து, பிறகு மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டுத்தான் அவர் தூங்கப் போவார். படித்த, விழித்திருக்க முடிந்த ஒரு அப்பா அண்ணலுக்கு இருந்தார். நான்கு மணிக்குத் துடைப்பம் எடுக்க வேண்டிய அம்மா எப்படி விழித்திருப்பார்?

2020-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த பள்ளிப்பைக் கொள்கையே 2-ஆம் வகுப்புவரை வீட்டுப்பாடம் கூடாது, 3 முதல் 5-ஆம் வகுப்புவரை வாரத்துக்கு 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தமிழ்நாடு இதைவிடப் பெரிய ஒன்றை ஏற்கெனவே செய்திருக்கிறது. வீட்டில் சோறு இல்லாதது பிள்ளையின் குற்றம் அல்ல என்று முடிவெடுத்து மதிய உணவு கொடுத்தோம். 2022-இல் காலை உணவும் வந்தது. 'சாப்பிடாம வந்தவங்க எந்திரிங்க' என்று இன்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். பசியைப் பள்ளியின் பொறுப்பாக்கிய நாம், வாசிப்பை மட்டும் ஏன் வீட்டின் தலையில் கட்டுகிறோம்?

இதைத்தான் அந்த ஆசிரியரிடம் பேசினேன். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "நான் சாதி பாக்குறேன்னு சொல்றீங்களா?" என்றார். இல்லை என்றேன். யார் நிற்கிறார்கள் என்று ஒரு வாரம் மட்டும் குறித்துப் பார்க்கச் சொன்னேன். வாரக் கடைசியில் அவரே என்னைக் கூப்பிட்டார்.

மாற்றியது பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் இருபது நிமிடம் எல்லோருக்கும் வாசிப்பு, இரண்டிரண்டு பேராக, ஒருவர் விடாமல். நோட்டுத் திருத்துவது அதற்குப் பிறகு. எழுத்து வேலை மாலை மணி அடிப்பதற்கு முன் வகுப்பிலேயே. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள். அரும்பில் இருப்பவர்களைத் தனியாக ஓரத்தில் உட்கார வைக்காமல், மலரில் இருப்பவர்களோடு சேர்த்து உட்கார வைத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டு பிள்ளைகள் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் அந்தத் துப்புரவுத் தொழிலாளி அம்மா ஒருநாள் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னார். ரேஷன் வாங்கிய பிறகு போனுக்கு வந்த குறுஞ்செய்தியை மகள் வாசித்துவிட்டு, "எம்மா, நாம பருப்பு வாங்குனோமா?" என்று கேட்டாளாம். வாங்கவில்லை. மறுநாள் கடையில் போய் அவர் கேட்டிருக்கிறார். பருப்பு வந்தது.

உங்கள் ஊர் தொடக்கப்பள்ளிக்கு ஒருநாள் காலை போய்ப் பாருங்கள், தோழர்களே. யார் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். நோட்டைக் கேட்பதற்கு முன் வீட்டைப் பாருங்கள்.

ஜெய்பீம்.